குடைக்கு ஒன்று

வரிசை பள்ளிக்கூட ஜிம் கதவைத் தாண்டி, வெளியே மஞ்சள் பஸ் வந்து நிற்கும் இடம் வரை நீண்டிருக்கிறது. அதன் கடைசியில் நான் நிற்கிறேன், இந்த நாட்டில் என் முதல் ஓட்டைப் போட வந்தவள், அதை என் இஷ்டத்துக்குப் போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவள். வாக்கு வாங்கியது நான் பெற்ற மகள். எழிலி பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க்கில் படிக்கிறாள், நான் இங்கே மேரிலாண்டில் டயாலிசிஸ் நர்ஸ், நடுவில் காரில் நாலு மணி நேரம், ஆனால் ஓட்டு என்று வந்தால் நடுவில் ஒரு கடலே இருக்கிறது என்று அவள்தான் எனக்குப் பாடம் எடுத்தாள். ஜனாதிபதியை இங்கே மாநிலம் மாநிலமாக எண்ணித் தேர்ந்தெடுக்கிறார்கள். மேரிலாண்டில் எந்தக் கட்சி ஜெயிக்கும் என்பது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும், பென்சில்வேனியாவில் சாமிக்கும் தெரியாது. எனக்குப் பிடித்தது இரண்டு பெரிய கட்சியில் ஒன்று, இங்கே எப்போதும் ஜெயிக்கிற கட்சி. அவளுக்குப் பிடித்தது மூன்றாவதாக நிற்கிற சின்னக் கட்சி, எங்கேயும் ஜெயிக்காத கட்சி. அவள் அங்கே சின்னதற்குப் போட்டால் பெரியதற்கு ஒரு ஓட்டுக் குறையும், எதிராளி உள்ளே வந்துவிடுவான். நான் இங்கே பெரியதற்குப் போட்டால் களத்தில் கொட்டிக் கிடக்கிற நெல்லோடு ஒரு நெல். அதனால் மாற்றிக்கொள்ளலாம்மா என்றாள். உனக்காக நான் இங்க பெருசுக்குப் போடுறேன், எனக்காக நீ அங்க சின்னதுக்குப் போடு. இப்படிப் பலபேர் பேசி வைத்துக்கொள்கிறார்களாம், முகம் தெரியாதவர்களோடுகூட. நாம் அம்மாவும் மகளும்தானே என்றாள். சரி என்றேன், குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது, அந்த அவசரத்தில் சரி என்றேன்.

இப்போது அவசரம் ஒன்றுமில்லை, வரிசை நத்தையாக நகர்கிறது, ஆகவே சரி என்ற அந்த வார்த்தை வாயில் மாட்டிய மீன்முள்ளாகக் குத்துகிறது. காலையில் எழிலி ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள், தட்டில் உப்புமா, பக்கத்தில் ஊறுகாய், கீழே 'ஓட்டு நாள் உப்புமா, அப்பா ஸ்பெஷல்' என்று தமிழில். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. தேர்தல் நாளன்று மட்டும் என் வீட்டுக்காரர் அடுப்படிக்குள் என்னை விடமாட்டார், அவரே உப்புமா கிண்டுவார். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் தண்ணீர் மோந்து குடிக்கவும் என்னைக் கூப்பிடுகிற மனிதர். இந்த ஊருக்கு வந்து, எங்கள் இரண்டு பேருக்கும் ஓட்டே இல்லாத காலத்திலும், நவம்பர் மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தால் ரவையை எடுத்துவிடுவார். எழிலி அதைப் பொங்கல் தீபாவளி மாதிரி ஒரு பண்டிகை என்று நினைத்து வளர்ந்தவள். போட்டோவைப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினேன். எடுத்ததும் சிரித்தாள். "ம்மா, நான் பதினொரு மணிக்குப் போறேன். நீ சொன்ன பேச்சு மாற மாட்டியே?" "மாறுனா உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "அதான் பயமா இருக்கு. கட்டுன புருஷனுக்கே போடாதவ நீ. எனக்கா போடப்போற?" விளையாட்டாகத்தான் சொன்னாள். அவள் குழந்தையாக இருந்தபோதிலிருந்து கேட்டு வளர்ந்த விளையாட்டு, எங்கள் தெருவே விளையாடிய விளையாட்டு. நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு தட்டுகளைக் கழுவினேன், கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினேன்.

முன்னால் நிற்கிற வெள்ளைக்காரக் கிழவி மடக்கு நாற்காலி கொண்டுவந்திருக்கிறாள், நாலடி நகர்ந்ததும் அதை நாலடி இழுத்துப் போட்டு உட்கார்கிறாள், ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதைப் போல் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். எங்கள் ஊர் ஓட்டுச்சாவடியில் இந்தச் சிரிப்பெல்லாம் கிடையாது, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, வெயில் மண்டையைப் பிளக்கும். என் வீட்டுக்காரர் பேர் வெயிலுமுத்து, அவர் இருக்கிற இடத்தில் வெயில் இருக்காமல் எப்படி என்று கேலி பண்ணுவார்கள். விருதுநகர் பக்கம் ஊர். கண்மாயில் சாயத்தண்ணீரைத் திறந்துவிட்டான் ஒரு பட்டறைக்காரன், ஒரு வருஷம் நீலம், ஒரு வருஷம் சிவப்பு, மாடு குடிக்காது. இரண்டு பெரிய கட்சியும் அவனிடம் கைநீட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டன, அதில் ஒன்று அவன் ஆளையே நிறுத்தியது. அப்போதுதான் குடைச் சின்னத்தில் ஒரு வாத்தியார் சட்டசபைக்கு நின்றார், இவர் அவர் பின்னால் போனார். எங்கள் வீட்டு முன்னறைதான் கட்சி ஆபீஸ், ஆபீஸ் என்றால் ஒரு பெஞ்சும் பசைவாளியும். எத்தனை டீ போட்டேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் அப்பா வீடு தலைமுறையாக இன்னொரு பெரிய கட்சி, அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தால், "மாப்பிள்ளை ஓட்டைப் பிரிச்சு அந்தப் பட்டறைக்காரன் ஆளை ஜெயிக்க வைக்கத்தான் போறாரு" என்று என்னிடம்தான் கத்துவார், மாப்பிள்ளையிடம் கத்தமாட்டார். இவரோ, "தெரிஞ்சே தப்பான ஆளுக்குப் போடுறதுக்குப் பேரா ஓட்டு? மனசறிஞ்சு போடுற ஒன்னு போதும்" என்பார். நடுவில் நான், இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டு, டீயை ஆற்றிக்கொண்டு.

ஓட்டு எண்ணிக்கை அன்று சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்தார். மிஷினில் போடுகிற காலம் அது, ஒவ்வொரு சாவடி மிஷினாகத் திறந்து எண்ணுவார்கள், எந்தத் தெருவில் யாருக்கு எத்தனை என்பது இரவுக்குள் டீக்கடைக்கு வந்துவிடும். செருப்பை வாசலில் விட்டு, என்னைப் பார்க்காமல், சுவரில் ஒட்டியிருந்த குடைப் படத்தைப் பார்த்துச் சொன்னார், "நம்ம சாவடியில குடைக்கு ஒன்னு." அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவர் 'ஒத்த ஓட்டு வெயிலுமுத்து'. ஊருக்குக் கணக்குச் சுலபம், அந்த ஒன்று அவருடையது, அப்படியானால் பெண்டாட்டிகூடப் போடவில்லை. தண்ணீர்க் குழாயடியில், ரேஷன் கடையில், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் எல்லாரும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்கள், வீட்டுக்காரரை விட்டுக்கொடுத்தவள் என்று. அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். யாராவது நேராகக் கேட்டால், "எங்க வீட்டுல ஜனநாயகம்யா, அவ ஓட்டு அவ இஷ்டம்" என்பார், அதற்கு அவரைப் பெரிய மனசுக்காரர் என்று ஊர் மெச்சியது. நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அந்த ஒன்று என்னுடையது.

நான் போட்டேன். போடுவதாகவே இல்லை, அப்பா சொன்ன சின்னத்துக்குப் போடுவதாகத்தான் உள்ளே போனேன். மறைப்புக்குப் பின்னால் நின்று பார்த்தால் குடை கடைசிக்கு முன்னால் இருந்தது. வீட்டுக்காரர் குடைக்கு ஏஜெண்டாக அதே அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், காலையில் முதல் ஆளாகப் போட்டுவிட்டு உட்கார்ந்தவர், சட்டைக் கையில் பசை காய்ந்திருந்தது. எனக்குக் கட்சியும் தெரியாது, கொள்கையும் தெரியாது, காய்ந்த பசைதான் தெரிந்தது, விரல் குடைக்குப் போய்விட்டது. மிஷின் நீளமாகக் கூவியது. வெளியே வரும்போது அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், பிறகு மேஜையைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு எண்ணிக்கை அன்றைக்குத்தான் விளங்கியது. ஒன்று என்றால் ஒன்றுதான், இரண்டு இல்லை. ஊரெல்லாம் மனசாட்சி பேசியவர், ஓட்டுக்கு முந்தின ராத்திரி தூங்காமல் புரண்டு படுத்தவர், காலையில் பயந்து எங்கள் அப்பாவின் பெரிய கட்சிக்கே அமுக்கிவிட்டார். பட்டறைக்காரன் ஆள் வந்துவிடுவானோ என்ற பயம், அப்பா என்னிடம் கத்தியதெல்லாம் அவர் காதில்தான் விழுந்திருக்கிறது. பயந்ததில் எனக்குக் கோபமில்லை. பயந்துவிட்டு என் ஓட்டை எடுத்து மாட்டிக்கொண்டாரே, அதில்தான் கோபம். எத்தனையோ வருஷம் அந்தக் கோபம் இருந்தது, சமைக்கும்போது இருந்தது, விமானத்தில் இருந்தது, அவர் ஐசியூவில் படுத்திருந்தபோது, நானே அவர் கையில் ஊசி ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோதும் ஓர் ஓரத்தில் இருந்தது. குடியுரிமைக்கு எழுதிப்போட்டுவிட்டு, கூப்பிடுமுன் போய்விட்டார். இந்த நாட்டில் ஓர் ஓட்டும் போடாமல் போனார்.

கிழவி நாற்காலியை இழுக்கிறாள். கதவுக்கு வெளியே, இதற்கு மேல் பிரச்சாரம் கூடாது என்று கோடு போட்ட இடத்துக்கு அந்தப் பக்கம், ஒரு பெண் தனியாக நிற்கிறாள், கையில் சின்னக் கட்சியின் துண்டறிக்கை. பெரிய கட்சிக்காரர்களைச் சுற்றி நாலு பேர், சிரிப்பு, காப்பி. இவளிடம் யாரும் வாங்கவில்லை. நான் வந்தபோது வாங்கினேன், மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்திருக்கிறேன், அதில் போரை நிறுத்து என்று இருக்கிறது. எழிலிக்கு அதுதான். வெடித்த கட்டடங்களை ராத்திரி பகலாகப் போனில் பார்த்துப் பார்த்துச் சாப்பாடு இறங்காமல் இளைத்துப்போனாள். இரண்டு பெரிய கட்சியும் குண்டு அனுப்புதும்மா, ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே அனுப்புறான், ஒருத்தன் வருத்தப்பட்டுக்கிட்டே அனுப்புறான், இதுல நான் எதைத் தேர்ந்தெடுக்க என்றாள். எனக்குத் தெரிந்தது என் கூட வேலை பார்க்கிற மரிசோல், அவள் வீட்டுக்காரனுக்கு இந்த நாட்டில் இருக்கக் காகிதம் இல்லை, எதிராளி வந்தால் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஊசி போடும்போதுகூட அவள் கை நடுங்குகிறது. தூரத்தில் சாகிற பிள்ளையா, பக்கத்தில் நடுங்குகிற கையா. இதை எந்தத் தராசில் வைப்பது. மேரிலாண்டில் ஒரு ஓட்டுப் போனால் மரிசோலுக்கு ஒன்றும் ஆகாது என்று எழிலி சொல்கிறாள். எல்லா அம்மாக்களும் எல்லா மகள்களுக்கும் இப்படி வாக்குக் கொடுத்திருந்தால்? இந்த வரிசையில் நிற்கிற அத்தனை பேரும், இந்தக் கிழவியும், நம் ஒரு ஓட்டில் என்ன குறைந்துவிடப்போகிறது என்று நினைத்துக்கொண்டு நின்றால்? இப்படி யோசித்துத்தான் அவரும் அன்று ராத்திரி புரண்டிருப்பார். இப்படி மாற்றிக்கொள்வது குற்றமோ, நான் புதுக் குடிமகள், கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணியதன் ஈரம் காயவில்லை, குடியுரிமையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று வேறு ஒரு பயம். பணம் வாங்கினாத்தாம்மா குற்றம், பேசி வெச்சுக்கிறது குற்றமில்ல என்று எழிலி சொல்லிவிட்டாள். ஆனாலும் யாராவது சீருடையில் கடந்து போனால் கோட்டுப் பையைக் கையால் மூடிக்கொள்கிறேன்.

உள்ளே வந்துவிட்டேன். ஜிம்முக்கே உரிய ரப்பர் வாசனை, கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேஜைகள். போனை அணைத்துவிட்டேன். மேஜைக்குப் பின்னால் இருக்கிற கறுப்பின மனிதர் என் பெயரைக் கேட்டார், தவமணி வெயிலுமுத்து என்றேன், எழுத்துக்கூட்டிச் சொன்னேன், பிறந்த நாளைக் கேட்டார், முகவரி கேட்டார், என் பெயர் திரையில் வந்ததும் அவருக்கே சந்தோஷம். முதல் தடவையா என்றார். ஆமாம் என்றேன். பக்கத்து மேஜைக்காரியிடம் முதல் தடவையாம் என்றார், அவள் கைதட்டினாள், இன்னும் இரண்டு பேர் தட்டினார்கள். கண் கலங்கிவிட்டது எனக்கு. இவர்கள் என் ஓட்டுக்குத் தட்டுகிறார்கள், நான் மகள் ஓட்டை அல்லவா கொண்டுவந்திருக்கிறேன். விரலை நீட்டப் போனேன், மை வைப்பார்கள் என்று, பழக்கதோஷம். காகிதத்தைக் கொடுத்தார்கள். மறைப்பு வைத்த சின்ன மேஜை, கறுப்புப் பேனா, பெயர்களுக்குப் பக்கத்தில் முட்டை வடிவில் கட்டங்கள், பிடித்த பெயருக்கு நேராக அதை நிரப்ப வேண்டும். பெரியவர்கள் மேலே. சின்னக் கட்சி கீழே. பேனா மேலே போகிறது. நானாகக் கொண்டுபோகவில்லை, அது போகிறது, மரிசோலின் கை என் கைக்குள் புகுந்துகொண்டதைப் போல் இருக்கிறது. யாருக்குத் தெரியும். எழிலிக்குத் தெரியாது. அவள் அங்கே என்ன போடுகிறாள் என்பதும் எனக்குத் தெரியாது, அப்பாவின் மகள், போட்டேன் என்று சொல்லிவிட்டு வேறு போட்டால் நான் என்ன மிஷினைத் திறந்தா பார்க்கப்போகிறேன். என் முதல் ஓட்டு. அப்பாவுக்காக ஒரு காலம், வீட்டுக்காரருக்காக ஒரு தடவை, இப்போது மகளுக்காகவா, எனக்காக எப்போது. பேனா முனை காகிதத்துக்கு மேலே நிற்கிறது. எனக்காக என்றால் எது எனக்கு. கொடுத்த வாக்கும் எனக்கு உள்ளதுதானே. ஊர் பூராவும் என்னைச் சொந்த மனிதரையே விட்டுக்கொடுக்கிறவள் என்று சொன்னபோது அது பொய் என்று எனக்குத் தெரியும், அதை ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அந்தச் சிரிப்புகளைத் தாண்டி வந்தேன். இன்று மேலே நிரப்பினால் அது பொய்யில்லாமல் போய்விடும். கீழே கொண்டுவந்தேன். கட்டத்துக்குள் மெதுவாக, வெளியே போகாமல் நிரப்பினேன். மரிசோல், என்னை மன்னித்துக்கொள். மிஷின் வாயில் காகிதத்தை வைத்தேன், உள்ளே இழுத்துக்கொண்டது. கூவவில்லை. நெஞ்சில் ஒட்டிக்கொள்ள, ஓட்டுப் போட்டேன் என்று எழுதிய ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள்.

வெளியே காற்று. துண்டறிக்கைப் பெண் இன்னும் தனியாகத்தான் நிற்கிறாள். காரில் சாய்ந்துகொண்டு போனைத் திறக்கிறேன், திறந்ததும் அது அடிக்கிறது. எழிலி. மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "என்னடி?" "போட்டுட்டேன்மா. சொன்ன மாதிரியே பெருசுக்குப் போட்டுட்டேன்." "சரி." "நீ?" "நானும் சொன்ன மாதிரிதான்." "நிஜமா?" "நிஜமா." நம்பினாளோ இல்லையோ, அதற்குமேல் கேட்கவில்லை. அழுகிறாள். ரோட்டில் நின்று அழுகிறாள் போலிருக்கிறது, பஸ் போகிற சத்தம் கேட்கிறது. "கேவலமா இருக்கும்மா. உன்கிட்ட மாத்திக்கிட்டேன்னு மனசுக்குச் சொல்லிக்கிட்டேதான் உள்ள போனேன். ஆனா கட்டத்தை நிரப்புறப்ப தெரிஞ்சுருச்சு, நான் பயந்துட்டுத்தான் போடுறேன். மாத்திக்கிறதெல்லாம் சாக்கு. அப்பாவா இருந்தா இப்படிப் பண்ணியிருக்க மாட்டாரு. ஊரே சிரிச்சாலும் அந்த ஒத்த ஓட்டைப் போட்டாருல்ல. என் மூஞ்சியில முழிக்க மாட்டாரும்மா."

மனசறிஞ்சு போடுற ஒன்னு போதும் என்று அவள் அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள், அப்பா சொன்னது என்று கீழே போட்டிருக்கிறாள். போனதடவை போனபோது பார்த்தேன், ஒன்றும் சொல்லாமல் வந்தேன். அந்தத் தாளை நான் கிழிப்பதா. செத்துப்போன மனிதரை மகளிடம் காட்டிக்கொடுப்பதா. இத்தனை வருஷம் பொறுத்தவளுக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்க முடியாதா. பொறுக்கலாம். எனக்காக என்றால் பொறுத்துவிடுவேன். ஆனால் அவள் அங்கே ரோட்டில் நின்று, அப்பா செய்யாத ஒன்றைத் தான் செய்துவிட்டதாக அழுகிறாள், அவரே செய்ததைச் செய்துவிட்டு அழுகிறாள். இது தெரிந்தால் ஒருவேளை அவர் மேல் கோபப்படுவாள். கோபத்தோடு வீட்டுக்குப் போய்ச் சேரட்டும், இந்த வெட்கத்தோடு வேண்டாம்.

"எழிலி, அப்பா உன் மூஞ்சியில நல்லா முழிப்பாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ஒத்த ஓட்டு நான் போட்டது."

பஸ் சத்தம் நின்றுவிட்டது, அல்லது எனக்குக் கேட்கவில்லை. அவள் கணக்குப் போடுகிறாள், சாவடி, ஒன்று, அது அம்மாவுடையது, அப்படியானால். அவளிடம் ஏதோ உடைந்திருக்கும், நான்தான் உடைத்தேன், அது எனக்குத் தெரிகிறது. "அவ்வளவு பேர் உன்னையச் சொன்னாங்களேம்மா. நான்கூடக் காலையில சொன்னேனே" என்றாள். "சொன்ன." "உனக்குத் தெரியும்னு அப்பாவுக்குத் தெரியுமா?" வாய்விட்டு ஒருநாளும் பேசியதில்லை, அவரும் இல்லை, நானும் இல்லை. "இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டேன். "உப்பு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். அப்புறம் மெதுவாக, "அதுக்கா?"

"அந்த எலக்சனுக்கு அப்புறந்தான் ஆரம்பிச்சாரு" என்றேன். "உப்பு ஒரு தடவைகூடச் சரியா இருந்ததில்ல. நானும் ஒரு தடவைகூடத் தட்டுல மிச்சம் வச்சதில்ல."